ஈரச் சிமெண்டில் ஒரு பெயர்

"எங்க தாய்மாமா ஒண்ணு சொல்வாரு. 'காத்தை எதுத்து நிக்கிறது கம்பம் இல்ல...' அதுக்கு மேல என்னமோ வரும். மறந்துபோச்சு."

படகிலிருந்து இரும்புக் குழாயை இறக்கிக்கொண்டே இன்னாசி சொன்னார்.

"மாமா பேச்சைப் பாதியில விட்டுட்டு ஓடிவந்துட்டீங்க போல" என்றாள் செலஸ்டினா.

இன்னாசிக்கு நாற்பத்தொன்பது வயது. வலையை விட்டுவிட்டு டிஷ் மாட்டும் தொழிலுக்கு வந்தவர். கற்றுக்கொடுப்பவள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

"மூணு வருஷம் ஆச்சு வாத்தியாரம்மா. என்னை எப்பத் தனியா அனுப்புவீங்க?"

"இன்னைக்குக் கம்பத்தை நீங்களே நடுங்க. நட்டவர் தன் பேரை ஈரச் சிமெண்டில எழுதணும், நம்ம வழக்கம் தெரியும்ல. எழுதிட்டா நாளையிலேர்ந்து தனி."

சொல்லிவிட்டு, வயர்ச் சுருளோடு மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் போனாள்.

செல்போன் கோபுரம் இல்லாத தீவு அது. புயல் எச்சரிக்கை டிஷ் வழியாகத்தான் வர வேண்டும். போன ஐப்பசியில் பழைய கம்பம் காற்றில் திரும்பி, டிஷ்ஷின் திசை மாறிப்போனது. எச்சரிக்கை வரவில்லை. கடலுக்குப் போன ஒரு வள்ளம் கரைக்கு வரவில்லை.

கம்பம் சாயாமல் நிற்கக் கான்கிரீட் போதும். திரும்பாமல் நிற்க, குழாயின் அடியில் துளை போட்டு, ஒரு முழக் கம்பியைக் குறுக்கே செருகிப் புதைக்க வேண்டும்.

துளை போடும் மிஷினில் சார்ஜ் இறங்கியிருந்தது. கையால் போட்டால் ஒரு மணி நேரம். நாலு மணிக்குக் கடைசிப் படகு. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

இன்னாசி கம்பியைக் கருவிப் பையின் அடியில் தள்ளினார்.

குழாயைக் குழிக்குள் இறக்கினார். ரசமட்டம் வைத்து நிமிர்த்தினார். மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்தார். கலவையைக் கொட்டினார்.

குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தாள் ரெஜினாள். வராத வள்ளத்தில் போனவன் அவள் புருஷன்.

"இது திரும்பாதுல்ல அண்ணே?"

"திரும்பாதும்மா."

"அடுத்த வாரம் என் மகன் கடல் தொழிலுக்குப் போறான். அதான் கேட்டேன்."

இன்னாசி செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். திரும்பியபோது செலஸ்டினா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

அவள் ரசமட்டத்தைக் குழாயின் மேல் வைத்தாள். குமிழி நடுவில் நின்றது.

"நேரா நிக்குது."

"யாருகிட்டப் படிச்சேன்?" என்று இன்னாசி சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

கரையிலிருந்து படகுக்காரர் கத்தினார். "வாறியளா, இல்ல இங்கேயே குடும்பம் நடத்தப் போறியளா? காத்து ஏறுது!"

செலஸ்டினா கலவையில் விரல் நுனியை அழுத்திப் பார்த்தாள்.

"இறுக ஆரம்பிச்சிருச்சு. பேரை எழுதுங்க."

"ஆணி குடுங்க."

அவள் கருவிப் பையைத் திறந்தாள். மேலே மூன்று ஆணிகள் கிடந்தன. அவற்றை ஒதுக்கினாள். அடிவரை கையை விட்டாள்.

ஒரு முழக் கம்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதால எழுதுங்க அண்ணே."

இன்னாசி அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. அவள் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிசா எழுதுங்க" என்றாள் ரெஜினாள். "யாரு நட்டதுன்னு என் மகன் வாசிக்கட்டும்."

இன்னாசி மண்டியிட்டார். கம்பியின் முனை கலவையில் பட்டது. முதல் எழுத்தின் சுழி பாதி விழுந்தது.

காற்று ஒரு முறை ஓங்கி அடித்தது. குழாயின் திறந்த வாய் ஊளையிட்டது.

"போறேன், போறேன்!" என்று கரையிலிருந்து குரல்.

"மாமா சொன்ன மிச்சம் ஞாபகம் வந்துச்சா?" என்று செலஸ்டினா கேட்டாள்.

இன்னாசி எழுந்தார். படகுக்காரரைப் போகச் சொல்லிக் கையை வீசினார். கம்பியை இடுப்பில் செருகிக்கொண்டு, முட்டுக்கட்டைகளைப் பிடுங்கத் தொடங்கினார்.