காடையின் முதுகில் வைக்கோல் கோடு

வயலும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் ஒன்று இருந்தது. கடவுளும் அப்போது வெகுதூரத்தில் இல்லை. வெயில் தாழ்ந்ததும் வரப்பில் நடந்து போவார் என்று சொல்வார்கள். யாரும் நேரில் பார்த்ததில்லை. காலையில் புல் ஓரிடத்தில் மட்டும் மடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். அந்த நாளில் காடைக்கு முதுகில் கோடு கிடையாது. மழை நனைத்த செம்மண் போல ஒரே நிறம்.

அந்த ஊரில் அறுவடைத் திருநாளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆளாளுக்குத் தங்கள் வயலில் விளைந்ததில் நல்ல கதிராகப் பார்த்து ஒரு கட்டுக் கட்டி, தலையில் சுமந்து கோயில் வாசலுக்கு வருவார்கள். அங்கே கோயில்பிள்ளை சந்தியாகு நிற்பார். கோயிலைப் பெருக்குவதும் மணி அடிப்பதும் காணிக்கை வாங்கி வைப்பதும் அவர் வேலை. "வயல் துடைச்சாச்சா?" என்று கேட்பார். "துடைச்சாச்சு" என்று சொன்னால்தான் கட்டு பீடத்துக்குப் போகும். ஒரு தாள் அறுபடாமல் நின்றாலும் காணிக்கையில் குறை என்று எல்லோரும் நம்பினார்கள். ஓரத்தை அறுக்காமல் விடு, அது ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் ஆகட்டும் என்று வேதத்தில் இருந்தது உண்மைதான். கோயிலில் வாசிக்கும்போது கேட்டார்கள். கேட்டுவிட்டு, அது வேறு யாருக்கோ சொன்னது என்று நினைத்துக்கொண்டார்கள். கடவுளுக்குக் கொடுக்கிற இடத்தில் மிச்சம் வைக்க அவ்வளவு பயம்.

அந்த ஊரில் ஞானப்பூ என்று ஒருத்தி இருந்தாள். பிறந்து நாலு மாதமான பெண்குழந்தை அவளுக்கு. குழந்தைக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் மூன்று நாள் கிடந்தது. அப்போது ஞானப்பூ நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் இந்த வெள்ளாமை முழுவதும், ஒரு கதிர் குறையாமல், கோயிலுக்கு. பிள்ளை பிழைத்தது. ஆனால் அவள் கை பிள்ளையின் நெற்றியை விட்டு நகரவில்லை. உலை வைத்தால் ஒரு தரம், தண்ணீர் எடுத்தால் ஒரு தரம், ஒன்றும் செய்யாவிட்டால் ரெண்டு தரம் தொட்டுப் பார்ப்பாள்.

திருநாளன்று காலை வேலமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, முன்பு அறுத்ததை எல்லாம் கோயிலில் சேர்த்தது போக மீதிக் கதிரை அறுக்க இறங்கினாள். அரிவாள் போகப் போக வயல் பின்னால் வெளிச்சமாகிக்கொண்டே வந்தது. கடைசியில் கிழக்கு மூலை மட்டும் நின்றது, நாலு பாய் விரிக்கிற அகலம். அதற்குள் அரிவாளை நீட்டியபோது ஏதோ அசைந்தது. ஒரு காடை. பறக்கவில்லை. இறக்கையைப் பரப்பி மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடந்தது.

"கீழே ஆறு முட்டை இருக்கு தாயி," என்றது. "இன்னிக்குப் பகலும் ராத்திரியும் இந்த நிழலை விட்டு வை. விடிஞ்சா பொரிச்சிரும்."

ஞானப்பூ தன் நேர்ச்சையைச் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள். ஒரு கதிர் குறைந்தாலும் காய்ச்சல் திரும்பிவிடும் என்று தனக்குத் தெரியும் என்றாள். யார் சொன்னது என்று காடை கேட்டது. யாரும் சொல்லவில்லை, பயம்தான் சொன்னது என்றாள். தனக்கும் அதே ஆள்தான் காதில் ஓதிக்கொண்டிருக்கிறது என்றது காடை. அதன் நெஞ்சு துடிப்பது இறகுக்கு மேலேயே தெரிந்தது.

வேலமரத்தடியில் தூளி அசைந்தது. அவள் தூளியைப் பார்த்தாள், காடையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுவிட்டு, தூளித் துணியின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் கிழித்தாள். மூலையின் ஓரத்தில் நின்ற ஒரு பிடிக் கதிரைச் சேர்த்து அந்தத் துணியால் அடையாளமாகக் கட்டினாள், வேறு யாரும் அரிவாள் வைக்காதபடி. கட்டும்போது முடிச்சு ரெண்டு தரம் நழுவியது.

கோயில் வாசலில் சந்தியாகு கேட்டார். அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"துடைக்கலை பெரியப்பா. ஒரு மூலை நிக்குது. அங்க ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கா."

யாரது என்றார். காடை என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காடைக்கு வளைகாப்புக் காப்பரிசி கிண்டியாச்சா என்று ஒருத்தி கேட்டாள். சந்தியாகு சிரிக்கவில்லை. "ஆண்டவருக்கு நேர்ந்ததைக் காடைக்குக் குடுத்திட்டு வந்திருக்கியே பிள்ள," என்று சொல்லி, அவள் கட்டை மட்டும் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் வைத்தார்.

பொழுது சாயும்போது பிள்ளையின் உடம்பு சுட்டது. பகல் முழுக்க வெயிலில் கிடந்த சூடாக இருக்கும் என்று புருஷன் சொன்னான். இருக்கலாம். அவள் மடியில் போட்டுக்கொண்டு, நெற்றியில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். எப்போது கண் அசந்தாள் என்று அவளுக்கே தெரியாது. விழித்தபோது விடிந்திருந்தது, பிள்ளை பாலுக்கு முட்டிக்கொண்டிருந்தது. நெற்றி, கிணற்றடிக் கல் போலக் குளிர்ந்திருந்தது.

பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினாள். ஆறு குஞ்சும் பொரித்து, இறகு காய்ந்தும் காயாமலுமாக ஓடித் திரிந்தன. காடை நிமிர்ந்து நின்றது. இரவெல்லாம் நிலவில் அதன்மேல் விழுந்த தாள்களின் நிழல் முதுகில் அப்படியே தங்கிவிட்டிருந்தது, வைக்கோலைக் கிழித்து வைத்த மாதிரி மெல்லிய மஞ்சள் கோடுகள்.

கட்டிய கதிரில் ரெண்டு மூன்று வெறுமையாக இருந்தன. கீழே ஒரு பிடி உமி கிடந்தது. யாரோ உள்ளங்கையில் கசக்கி ஊதித் தின்றிருக்கிறார்கள்.

"வெயில் தாழ ஒருத்தர் வந்தார்," என்றது காடை. "எல்லா வயலும் மொட்டையா கிடக்கு, உட்கார இங்கதான் இடம் இருக்குன்னார். முட்டையை மிதிக்காம காலைப் பார்த்துப் பார்த்து வச்சார்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"உன் பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு கேட்டார்."

ஞானப்பூ அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சேதி கேட்டு வந்த சந்தியாகு உமியைப் பார்த்தார், மடங்கிக் கிடந்த புல்லைப் பார்த்தார். திரும்பிப் போய், வேப்பமரத்தடியில் கிடந்த கட்டைத் தன் தலையில் ஏற்றிப் பீடத்துக்குக் கொண்டுபோனார்.

அடுத்த வருஷம் கோயில் வாசலில் கேள்வி மாறியது. "மூலை விட்டாச்சா?" என்றுதான் சந்தியாகு கேட்டார்.

அந்த விடியலுக்குப் பிறகுதான் காடை வைக்கோல் கோட்டை முதுகில் சுமந்து திரிகிறது. அந்த ஊரிலும் பீடத்துக்குக் கட்டைத் தூக்குமுன் வயலில் ஒரு மூலையை அறுக்காமல் விட்டு வருகிறார்கள், பொழுது சாயும்போது பசியோடு வருகிறவர் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க.