மடைப்பள்ளி நாய்க்குட்டி

வைத்திலிங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. மடத்தில் சேர்ந்து பதினோரு வருடம். தியானத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். மடைப்பள்ளியில் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியாது. குளித்து மடியாக உள்ளே போவார். நூறு பேருக்குச் சமைப்பார். பசி என்று வந்தவர் யாரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை.

குரு மங்கையர்க்கரசி அம்மையார் அவரைவிட இருபது வயது இளையவர். ஆகவே சீடரை "ஐயா" என்றுதான் அழைப்பார்.

ஒருநாள் வைத்திலிங்கம் கேட்டார்: "அன்னதானத்துக்கு மேல ஒரு தானம் உண்டாம்மா?"

இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டார். அம்மையார் சிரித்தார்.

அந்த வாரம், விறகுக் கொட்டகையில் குட்டி போட்டிருந்த நாய் லாரியில் அடிபட்டுச் செத்தது. அவர் வைத்த சோற்றில் வளர்ந்த நாய். கண் திறக்காத ஒரே ஒரு குட்டி மிச்சம்.

"இதை நான் காப்பாத்துறேன்" என்றார் வைத்திலிங்கம்.

குழந்தையைப்போல மடியில் மல்லாக்கப் போட்டு, சங்கில் பசும்பால் புகட்டினார். குட்டி அழுதது. மறுபடி புகட்டினார். மறுபடி அழுதது. பாவம், என்ன பசியோ என்று இன்னொரு சங்கு.

மறுநாள் காலை குட்டியின் வயிறு கல்லாக இருந்தது. ஊற்றிய பால் கடைவாயில் வழிந்தது. பாவம், மனிதர் பதறிப் போனார். குட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மையாரிடம் ஓடினார்.

"எவ்வளவோ குடுத்தேன்மா. சாகப் போகுதும்மா."

அம்மையார் குட்டியை வாங்கித் தொட்டுப் பார்த்தார்.

"வெளிக்குப் போச்சா, ஐயா?"

"அதை... நான் பார்க்கலையே. மடைப்பள்ளிக்குப் போறவன், மடி கெட்டுடும்னு..."

"உடம்பு சில்லுன்னு இருக்கு. அடுப்பு பத்தவைக்காம உலை வைப்பீங்களா?"



அம்மையார் குட்டியை நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார். உடம்பில் சூடு ஏறும்வரை அசையாமல் இருந்தார். பிறகு வெந்நீரில் பழைய துணியை நனைத்துப் பிழிந்து, குட்டியின் அடிவயிற்றையும் வாலுக்குக் கீழேயும் மெல்லத் தடவத் தொடங்கினார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.

முதலில் மூத்திரம் வந்தது. பிறகு மஞ்சளாக மலம், அம்மையாரின் காவிப் புடவையிலேயே. குட்டி ஒரு பெருமூச்சு விட்டு அழுகையை நிறுத்தியது.

"இந்த வயசுல தானாப் போகத் தெரியாது ஐயா. தாய் நக்கிவிட்டாத்தான் போகும். கால்நடை ஆஸ்பத்திரியில காட்டி, குட்டிங்களுக்குன்னு இருக்கற பால்மாவு வாங்கிட்டு வாங்க. கவுத்துப் போட்டு, கொஞ்சமாக் குடுங்க. ஒவ்வொரு வேளையும் துணியால தடவிவிடுங்க."

துணியை அவரிடம் நீட்டினார்.

"நானாம்மா? அப்போ நூறு பேர் சமையல்?"

"இன்னிக்கு வேற யாராவது பொங்கட்டும்."

பதினோரு வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. சுருக்கென்றது. ஆனாலும் துணியை வாங்கிக்கொண்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு, பிழைக்க வழியிருக்கிறது என்றார். மத்தியானம் முழுக்க வைத்திலிங்கம் குட்டியும் கையுமாக இருந்தார். அவர் இல்லாத பந்தியில் சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்றார்கள். அது அவர் காதில் விழவே இல்லை.

சாயங்காலம் மடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு கூச்சல்.

"அம்மா! போயிடுச்சும்மா! என் கையிலயே போயிடுச்சு!"

அழுக்கான உள்ளங்கையைப் பிரசாதம்போல ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். இன்னொரு கையில் குட்டி நிம்மதியாகத் தூங்கியது. கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டார்:

"வருஷா வருஷம் இங்கே ஏதாவது ஒரு நாய் குட்டி போடுது. எல்லாத்துக்கும் நான்தான் சோறு வைக்கிறேன். தாய் நக்கிவிடறது எனக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

அம்மையார் குட்டியின் தலையை ஒரு விரலால் தடவினார்.

"நீங்க சோறு வச்சதும் உள்ளே போயிடுவீங்க, ஐயா."