கழுதைமேல் ஏறிய வெள்ளிக் காளை

கேளுங்கள் மக்களே, யூதேயா மலைநாட்டை அரசர்கள் ஆண்டுவந்த காலத்தில் நடந்தது இது. அங்கே அர்மோன் என்ற சிற்றூரில் பெலத்தியா என்றொரு ஒலிவத் தோட்டக்காரன் இருந்தான். அவனுக்கென்று இருந்த ஒரே உறவு அவன் அக்காள் மில்காள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ஒலிவ மரத்திலிருந்து விழுந்த நாள்முதல் அவளால் நடக்க முடியவில்லை.

மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. முதல் ஆண்டு பூ உதிர்ந்தது. இரண்டாம் ஆண்டு இலை உதிர்ந்தது. மூன்றாம் ஆண்டு பெலத்தியாவின் நம்பிக்கையும் உதிர்ந்தது.

"கர்த்தர் நம்மை மறந்துவிட்டார்" என்றான்.

மழை தரும் காளைத் தெய்வம் ஒன்று உண்டென்று கடற்கரை வணிகர்கள் சொன்னார்கள். உடனே மரத்தில் ஒரு காளையைச் செதுக்க வைத்தான். வீட்டிலிருந்த வெள்ளியை எல்லாம் உருக்கி அதற்குத் தகடு போர்த்தினான். அக்காளின் கொலுசையும் கேட்டான்.

மில்காள் கழற்றிக் கொடுத்தாள். "எடுத்துக்கொள், தம்பி. ஆனால் அதைக் கும்பிடாதே" என்றாள்.

அந்த மாதமே மழை கொட்டியது. அவ்வளவுதான், ஊரே காளையின் முன் விழுந்தது. பெரிய மனிதர்கள் ஏழைகளின் வயலைப் பிடுங்கினார்கள். விளைச்சலில் காளைக்கு ஒரு பங்கு படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அப்போது அசாயா என்ற தீர்க்கதரிசி வந்தார். ஆடு மேய்த்துப் பிழைப்பவர்.

"பெலத்தியா, உன் தெய்வத்தை இங்கே தூக்கி வைத்தது யார்?"

"நான்தான்."

"அதன் தூசியைத் துடைப்பது யார்?"

"நான்தான்."

"ஊருக்கு ஆபத்து வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது யார்?"

பெலத்தியா காளையை மறைத்துக்கொண்டு நின்றான்.

"கர்த்தர் இந்த ஊரை நியாயந்தீர்க்கப் போகிறார். வடக்கிலிருந்து சேனை வருகிறது. பிடுங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், அவரிடம் திரும்புங்கள்!" என்று கதறினார் அசாயா. ஊரார் கல்லெறிந்து அவரை விரட்டினார்கள். பெலத்தியாவும் ஒரு கல்லை எறிந்தான்.

அறுவடைக்கு முன்பே சேனை வந்துவிட்டது. பக்கத்து ஊர்கள் எரியும் புகை தெரிந்தது. பெலத்தியாவிடம் இருந்தது ஒரே ஒரு கழுதை. அவன் காளையைத் தூக்கி அதன்மேல் ஏற்றினான். மில்காள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது இருந்தால்தான் நாம் பிழைப்போம். இதை யோர்தான் ஆற்றுக்கு அக்கரையில் சேர்த்துவிட்டு உன்னைக் கூட்டிப்போக வருகிறேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. "கயிற்றை இறுக்கிக் கட்டு, தம்பி" என்றாள்.

ஆற்றில் வெள்ளம் புரண்டது. நடு ஆற்றில் கழுதை கால் இடறியது. "காப்பாற்று!" என்று பெலத்தியா காளையைப் பார்த்து அலறினான். ஒரு முறை அலறினான், இரு முறை அலறினான், மூன்றாம் முறை அலறும்போது வெள்ளியின் கனத்தால் காளை கழுதையையும் இழுத்துக்கொண்டு மூழ்கிப்போனது.

வெறுங்கையோடு கரையேறி, வந்த வழியே ஓடினான். ஊர் சாம்பலாகிக் கிடந்தது. குகையில் ஒளிந்து தப்பிய அத்சாள் என்ற பக்கத்து வீட்டுக்காரி, புதிதாக மூடிய மண்மேட்டைக் காட்டினாள்.

"சேனை போனபின் வந்து பார்த்தேன், உன் அக்காளுக்கு இன்னும் உயிர் இருந்தது. உயிர் பிரியும்வரை ஒன்றைத்தான் கேட்டாள், பெலத்தியா. 'என் தம்பி பத்திரமாக ஆற்றைக் கடந்திருப்பானா?' என்று."

அவன் மேய்ச்சல் நிலங்களில் தேடி அலைந்து அசாயாவின் காலில் விழுந்தான்.

"ஐயா, கர்த்தர் என்னை மன்னிப்பாரா?"

"மன்னிப்பார், மகனே. மன்னிக்கத்தான் அவர் இத்தனை நாளும் காத்திருந்தார். ஆனால் உன் அக்காள்..." அவன் பக்கத்தில் மண்ணில் அமர்ந்து அசாயாவும் அழுதார்.

தன் கை செய்த பொருளைத் தெய்வமென்று நம்பி, கடவுள் தன் கையில் ஒப்படைத்த உயிரை விட்டுச்செல்கிறவன் இரண்டையும் இழப்பான்.