வரிச்சி எடுத்த பெரிய ரீல்

மலையடிக் குட்டையில் மீன் பிடிப்பதில் வரிச்சி என்ற காட்டுப்பூனையை மிஞ்ச ஆளே கிடையாது. கரையில் உட்காரும். தண்ணீரைப் பார்க்கும். ஒரே அடி! கெண்டை கரையில் கிடந்து துள்ளும். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்தக் கோடையில் ஆறு வற்றியது. ஆற்றிலிருந்த முதலை குட்டைக்குக் குடிவந்தது. வந்த அன்றே, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மானைக் கவ்வி இழுத்துப் போனது. அதற்கப்புறம் யார் தண்ணீரில் கால் வைப்பார்கள்? மீன்களும் நடுக்குட்டைக்குப் போய்விட்டன. அந்த வெயிலில் எலி, ஓணான்கூட வெளியே தலைகாட்டவில்லை.

வரிச்சிக்கு மூன்று நாளாகப் பட்டினி. பால் வற்றிவிட்டது. புதருக்குள் இருந்த அதன் ஒரே குட்டி காலையில் கத்தியது. மத்தியானம் முனகியது. சாயங்காலம் சத்தமே இல்லை. பெற்ற வயிறு பதறாமல் இருக்குமா?

அந்த நேரத்தில்தான் யானை பிளிறியது! மீன் பிடிக்க வந்து, மூன்று நாளாகக் கரையில் கூடாரம் போட்டிருந்த டவுன்காரர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். பாறைமேல் இரண்டு தூண்டில்கள் கிடந்தன. ஒன்று அவர்களில் ஒரு மீசைக்காரனுடையது. அதில் பளபளக்கும் பெரிய ரீல். தூண்டில் நரம்பு சுற்றிய உருளை வெளியே தெரிந்தது. மற்றதில் மூடி போட்ட சின்ன ரீல். அதில் ஒரே ஒரு பொத்தான். அது கூடாரத்துச் சிறுமியுடையது. இரண்டு முள்ளிலும் இரை கோத்தபடியே இருந்தது.

பக்கத்துப் பொந்துக் கீரி ஓடிவந்தது.

“வரிச்சி, சின்னதை எடு! பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வீசணும், வீசும்போது விட்டுடணும். அவ்வளவுதான். அந்தப் பொண்ணு வீசினதைப் பார்த்தேன்ல!”

“சின்னப்புள்ள விளையாட்டுச் சாமானா? எனக்கா? இந்தக் குட்டையில மீன் பிடிச்சே வளர்ந்த வம்சம் அண்ணே நாங்க!”

“கையால பிடிச்சே, சரி. ரீல்ல பிடிச்சிருக்கியா?”

“அந்த மீசைக்காரன் வீசினதை மூணு நாளா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்? நடுக்குட்டைக்கே போச்சு! பெரிசுதான் வேணும்!”

பார்த்தது உண்மைதான். ஆனால் என்ன பார்த்தது? வீச்சைப் பார்த்தது. நரம்பு ஓடும்போது மீசைக்காரனின் கட்டைவிரல் உருளைமேல் பட்டும் படாமலும் இருந்ததே, அதைப் பார்க்கவில்லை. அந்த விரல்தான் உருளையை அடக்கி ஓடவிட்டது. பூனைக்கு ஏது அப்படி ஒரு கட்டைவிரல்?

வரிச்சி பெரிய கோலைத் தூக்கியது. முழு பலத்தோடு வீசியது!

உருளை விர்ரென்று சுற்றியது. முள் போன வேகத்தைவிட உருளை சுற்றிய வேகம் அதிகம். நரம்பு வளையம் வளையமாகப் பொங்கிக் கிளம்பியது. முள் நடுக்குட்டைக்கா போனது? பத்தடியில் ‘பொத்’தென்று விழுந்தது.

வரிச்சி பதறிப்போய் முன்னங்கால்களால் நரம்பைப் பிய்த்தது. பிய்க்கப் பிய்க்கச் சிக்கல் இறுகியது. இரண்டு கால்களும் மாட்டிக்கொண்டன.

“இந்த ரீலே சரியில்லை அண்ணே!”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அசையாதே! அங்கே பாரு!”

தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள். முள் விழுந்த இடத்தை நோக்கி மெதுவாக வந்தன. முதலை இரையை முகர்ந்தது. லபக்!

நரம்பு விறைத்தது. வரிச்சி கரையில் சறுக்கியது. பின்னங்கால் நகங்களை மண்ணில் ஊன்றியது. மண் பெயர்ந்துகொண்டு வந்தது.

“அண்ணே! என் குட்டி! என் குட்டியைப் பார்த்துக்கோ!”

“வாயை மூடு! நீயே பார்த்துக்குவே!”

கீரி நரம்பைக் கடித்தது. அறுபடவில்லை. மறுபடி கடித்தது. வாயில் ரத்தம் வந்தது. வரிச்சியின் கால் தண்ணீரைத் தொட்டது. மூன்றாவது கடி. பட்டென்று அறுந்தது!

வரிச்சி புரண்டு திரும்பியது. அதற்குள் முதலை பாய்ந்துவிட்டது. தாடை மூடிய சத்தம் குட்டை முழுக்கக் கேட்டது. வரிச்சி உயிரோடு பாறைமேல் விழுந்தது. வாலில் பாதியைக் காணோம்.

வாயில் குத்திய முள்ளோடு முதலை எதிர்க்கரைக்கு நீந்தியது. அது எவ்வளவு நேரம் அங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கீரி, சிக்கியிருந்த நரம்பைக் கடித்துக் கடித்துக் கால்களை விடுவித்தது. வரிச்சிக்கு அழுகை வந்தது.

“அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். இந்தா!” கீரி சின்னத் தூண்டிலைத் தள்ளியது. இந்தத் தடவை வரிச்சி வம்சம் பேசவில்லை.

பொத்தானை அமுக்கியது. வீசியது. விட்டது. முள் நேராகப் போய் விழுந்தது. நடுக்குட்டைக்கு இல்லை, பாதி தூரத்துக்குத்தான். நரம்பில் கட்டியிருந்த தக்கை மிதந்தது.

தக்கை அசையவில்லை. எதிர்க்கரையில் முதலை திரும்பியது. கீரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. முதலை நீந்தத் தொடங்கியது. தக்கை ஒருமுறை ஆடியது. மறுபடி ஆடியது. முங்கியது!

“சுத்து! சுத்து!”

வரிச்சி கைப்பிடியைச் சுற்றியது. உள்ளங்கை நீளக் கெளுத்தி ஒன்று கரையேறியது. அதைக் கவ்விக்கொண்டு திரும்பிப் பாராமல் புதருக்கு ஓடியது.

மீனை மென்று மென்று குட்டியின் வாயில் வைத்தது. முதல் வாய் அப்படியே வெளியே வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவது வாயில் தொண்டை அசைந்தது. கொஞ்ச நேரத்தில், “இன்னும்!” என்று சின்னக் குரல் கேட்டது. அப்போதுதான் வரிச்சிக்கு மூச்சே வந்தது.

மறுநாள் தெம்பாக எழுந்த குட்டி, தாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. “அம்மா! உன் வால் எங்கே?”

வரிச்சி கீரியைப் பார்த்தது. கீரி வேறு பக்கம் பார்த்தது.

“பெரிய ரீலைத் தூக்கினேன்டா கண்ணு. அதோட போச்சு!”

விரலுக்குத் தக்க வீக்கம்தான் வேண்டும். கைக்குப் பழகாத பெரிய கருவியைவிட, கைக்கு அடங்கும் சின்னக் கருவியே நம்மையும் நம்மை நம்பியிருப்பவரையும் காப்பாற்றும்.