அடைப்புக்குள் போகாத வரி

“என்னால ஆகாது மேடம். தலைவர் நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடுங்க.”

இப்படிச் சொன்ன இருளப்பன் சின்னப் பையன் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், திருநெல்வேலியில் பாகப்பிரிவினை வழக்குகளில் பேர் எடுத்த வக்கீல். விண்வெளிச் சட்டம் படிக்கிறேன் என்று வந்து, மகள் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாடம் எடுத்த ஜெசிந்தாவே அவரைவிட ரொம்ப இளையவர்.

அன்றைய பாடம் சந்திர ஒப்பந்தம். மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக நடித்து, அதன் வாசகத்தைப் பேசி முடிக்க வேண்டும். இருளப்பன் மாநாட்டுத் தலைவர். ஒரு நாட்டுக்குப் பிடிக்காத சொல்லைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிடுவது இந்தப் பேச்சுவார்த்தைகளின் வழக்கம். அடைப்பெல்லாம் நீங்கினால்தான் கையெழுத்து.

மத்தியானத்துக்குள் திரையில் அடைப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ராக்கெட் வைத்திருந்த பெரிய நாட்டுக்காரி மதுரவல்லி, தலைப்பையே அடைப்பில் போட்டிருந்தாள். பொல்லாத பெண்.

“இது வகுப்புதானே சார்,” என்றார் ஜெசிந்தா.

“எனக்கு வெறும் வகுப்பு இல்லை மேடம். முப்பது வருஷமா அண்ணன் தம்பிக்கு நடுவுல சுவர் எழுப்பிக் கொடுத்தே பிழைச்சேன். மனசு விட்டுப்போச்சு. மனுஷன் ஒரு இடத்துலயாவது ஒண்ணா நிப்பானான்னு பாக்கத்தான் வந்தேன். யாருமே குடியிருக்காத இடத்துக்கும் அதே அடிதடி. நான் ஊருக்குப் போறேன்.”

ஜெசிந்தா ஒப்பந்தத்தைத் திரையில் மெல்ல நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இதை வாசிங்க.”

இருளப்பன் வேண்டாவெறுப்பாக வாசித்தார்.

“சந்திரனில் உயிராபத்தில் இருப்பவர் எந்த நாட்டவரானாலும், அருகில் இருப்பவர் தம் வேலையை விட்டுவிட்டுப் போய்க் காப்பாற்ற வேண்டும்.”

“அடைப்பு எங்க?”

தேடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினார். ஒரு சொல்லுக்கும் இல்லை.

“யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க மேடம்.”

“கேட்டுப் பாருங்க.”

அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார். “ஏழாவது ஷரத்து. ஆட்சேபம் உள்ளவங்க கை தூக்கலாம்.”

ஒரு கையும் எழவில்லை.

“ஏம்மா மதுரவல்லி, நீயுமா? செலவு உன்னோடது. எதிரி நாட்டுக்காரனா இருந்தாலும் போட்டது போட்டபடி போகணும். நல்லா படிச்சியா?”

மதுரவல்லி அடுத்த சண்டைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“படிச்சேன் சார். அங்க ஒரு ஆள் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு கிடப்பான். இதுல பேச என்ன இருக்கு? எட்டுக்கு வாங்க, அதுல உங்களை விடமாட்டேன்.”

இருளப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பிறகு தலைவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“எட்டாவது ஷரத்து,” என்றார்.