ராணிக்கு விட்டுவைத்த சுண்டுவிரல்

கண்ணாடிகள்கூட ராஜாவைக் கண்டு நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மஞ்சநாட்டைச் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். தலையில் முதல் நரை தெரிந்த அன்றே அரண்மனைக் கண்ணாடிகளுக்கெல்லாம் திரை போடச் சொன்னான். நரை காதுவரை இறங்கியதும், "வெள்ளைப் பூ என் கண்ணில் படக்கூடாது" என்று நந்தவனத்தில் பாதியைப் பிடுங்கிப் போடவைத்தான்.

அவன் துக்கம் அவனுக்கு. படுக்கையில் கிடந்த தகப்பனைப் பார்க்கப் பிறந்தநாடு போன ராணி தையல்நாயகி, போர் மூண்டு வழி அடைபட்டதால் ஒன்பது வருஷமாகத் திரும்பவில்லை. இப்போது வழி திறந்துவிட்டது. பௌர்ணமிக்கு வருகிறேன் என்று ஓலை அனுப்பியிருந்தாள். தொட்டுத் தொட்டுப் படித்ததில் ஓலையின் ஓரமே நைந்துவிட்டது.

ஆடி பிறந்தால் தையல்நாயகி தானே மருதாணி அரைப்பாள். அவன் இடதுகைச் சுண்டுவிரலுக்கு மட்டும் வைத்து, "ராஜாவுக்கு ஒரு விரல் போதும்" என்று கலகலவெனச் சிரிப்பாள். அவள் போனபிறகு அந்த விரலுக்கு மருதாணி வைக்க அவன் யாரையும் விடவில்லை.

'கருகருவென்று இருந்தவனை விட்டுப்போனாள். இந்தப் பஞ்சுத்தலையைப் பார்த்து, யாரோ கிழவன் என்று கடந்துபோய்விட்டால்?' என்று நினைத்தான். உடனே பறை அறையச் சொன்னான்: "ராஜாவின் தலையைக் கருக்கவைப்பவருக்குக் கேட்டது கிடைக்கும்!"

முதலில் வந்தவர் வாசனைத் திரவியங்களுக்கு அதிகாரியான நாகலிங்க ராயர். கையில் வெள்ளிப்பெட்டி.

"கருமருதாணி, மகாராஜா! வெற்றிலை மென்று துப்புவதற்குள் தலை காக்கைச் சிறகாகிவிடும்!"

வாசலில் ஒரே சத்தம். "தள்ளி நில்லுய்யா! கூப்பிட்டது உன் ராசா. நானா விருந்துக்கு வந்தேன்?" என்று காவலனை இடித்துக்கொண்டு கூடையோடு நுழைந்தாள் சடைச்சி, சந்தையில் மருதாணி விற்பவள்.

"உன் மருதாணி கருக்குமா?" என்றான் ராஜா.

"கருக்காது சாமி. சிவக்கும். இன்னிக்கு இதைப் பூசி அரைநாள் ஊறணும். நாளைக்கு மேலே அவுரி இலையை அரைச்சுப் பூசினாத்தான் கருப்பு. வெறும் மருதாணியே நொடியில கருக்கும்னு ஒருத்தன் சொன்னா, அதுல வேற என்னமோ கலந்திருக்கான்."

"பொறாமை!" என்று ராயர் பெட்டியைத் திறந்து காட்டினார். "என் தூள் கிளிப்பச்சை. உன்னுடையதைப் பார், காய்ந்த சாணி!"

"காய்ஞ்ச இலை எப்படிய்யா கிளிப்பச்சையா இருக்கும்? சாயம் போட்டாத்தான் இருக்கும்!"

ராயர் படாரென்று மூடிப் பட்டுநூலால் இறுக்கிக் கட்டினார். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "வீண்பேச்சு வேண்டாம். நாளைக்குப் பௌர்ணமி, ராணி வந்துவிடுவாள். எனக்குக் கருப்பு வேண்டும், இன்றைக்கே வேண்டும்!"

"சரி சாமி, அவர் சரக்கையே வாங்குங்க" என்றாள் சடைச்சி. "ஆனா சந்தை வழக்கம் ஒண்ணு இருக்கு. மருதாணி வாங்குறவங்க முதல்ல விக்கிறவ கையைத்தான் பார்ப்பாங்க. இந்தா என் கை." மணிக்கட்டுவரை மாதுளைச் சிவப்பு. "ராயர் கையைக் காட்டச் சொல்லுங்க."

உரித்த முள்ளங்கிபோல் வெளுத்திருந்தது ராயர் கை.

"ஏன் ராயரே, உம்முடைய சரக்கை நீர் தொட்டதே இல்லையா?" என்றான் ராஜா.

"அரசருக்கென்று செய்தது... அடியேனுக்கு ஏது தகுதி?"

"நான் தருகிறேன் தகுதி. காதோரம் கொஞ்சம் பூசிக்கொள்ளும்."

பெட்டியை வாங்கிக்கொண்டு சடைச்சி திரைக்குப் பின்னால் போனாள். பன்னீர் மணக்கும் விழுதோடு வந்து ராயர் காதோரம் அப்பினாள். நாலு மூச்சு விடவில்லை, ராயர் துள்ளிக் குதித்தார்.

"ஐயோ, எரிகிறதே! கழுவுங்கள்! தோல் வெந்துவிடும்!"

"எது வேகும்?" என்றான் ராஜா.

"சேங்கொட்டை, மகாராஜா! சலவைக்குப் போகும் துணியில் கறுப்பாகக் குறி போடுவார்களே, அந்தச் சேங்கொட்டைச் சாறு கலந்தது. தண்ணீர், தண்ணீர்!"

சடைச்சி இடுப்பிலிருந்து வெள்ளிப்பெட்டியை எடுத்து நீட்டினாள். பட்டுநூல் கட்டியது கட்டியபடி இருந்தது. "இதை நான் திறக்கவே இல்லை சாமி. பூசினது என் மருதாணி, ரெண்டு சொட்டுப் பன்னீரோட. குளுகுளுன்னு இருக்கணுமே ராயரே?"

சபை வெடித்துச் சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. வெந்த தலையோடு தையல்நாயகி முன்னால் நின்றிருப்பேனே என்று நினைத்தான்.

"ராயரே, உம் கை இவள் கைபோல் சிவக்கும்வரை இவள் கடையில் இலை அரையும்!"

பிறகு உட்கார்ந்து தலையைக் கொடுத்தான். விழுது தலையில் பட்டதும் அந்த வாசனை எழுந்தது. பன்னீரில்லாத வெறும் இலை வாசனை, ஆடி மாதத்துத் தையல்நாயகியின் கை வாசனை. கண்ணை மூடிக்கொண்டான்.

"விரலுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டா சாமி?"

வெடுக்கென்று இடக்கையை இழுத்துக்கொண்டான். "அது வேண்டாம்."

சடைச்சி விழுதுக் கிண்ணத்தை ஓரமாக வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அரைநாள் கழித்து அலசியபோது வெள்ளைமுடியெல்லாம் செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது. நாளைக்கு அவுரி. ஆனால் அந்தக் கணமே கோட்டைவாசலில் கொம்பு ஊதினார்கள். ராணி ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டாள்!

"தலைப்பாகை! தலைப்பாகை எங்கே?" என்று ராஜா சுற்றிச் சுற்றி ஓடினான். பல்லக்கு அதற்குள் முற்றத்தில் இறங்கிவிட்டது. தையல்நாயகி திரையை விலக்கினாள். அவள் வகிட்டிலும் வெள்ளை ஓடியிருந்தது. அவன் தலையைப் பார்த்தாள். கலகலவெனச் சிரித்தாள். ஒன்பது வருஷமாக அவன் காதுகள் காத்துக்கிடந்த சிரிப்பு.

சிரித்து ஓய்ந்ததும் அவன் இடக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "தலையெல்லாம் சிவப்பு. இந்த விரல் மட்டும் ஏன் வெறுமையா இருக்கு?"

"அது உன் பங்கு" என்றான் ராஜா.

சடைச்சியின் கிண்ணத்தை வாங்கி, அதில் ஒட்டியிருந்த மிச்ச விழுதை வழித்தெடுத்து, அங்கேயே, எல்லோரும் பார்க்க, அவன் சுண்டுவிரலுக்கு வைத்தாள்.

அவுரியை அவன் பிறகு கேட்கவே இல்லை. "கேட்டது கிடைக்கும் என்றேன். என்ன வேண்டும்?" என்று சடைச்சியைத்தான் கேட்டான்.

"பூச்செடி பிடுங்கின இடம் சும்மா கிடக்குதே சாமி, அதுல மருதாணி வைக்க விடுங்க. அரைக்கத்தான் ராயர் இருக்காரே!"

அந்தத் தோட்டத்து இலையில்தான் அதன்பின் ஆடிதோறும் ராஜாவின் ஒரு விரல் சிவந்தது.