கொம்பையா தொண்டைக்கு ஒரு கல்லு மிட்டாய்

ஒரு ஊர்ல ஒரு குரல் இருந்துச்சு.

என்ன முழிக்கிற நாச்சியா? ராஜா இல்ல, ராணி இல்ல, நரி இல்ல. குரல்தான். பிடிச்சா கேளு, பிடிக்கலைன்னா அந்தப் பக்கம் திரும்பிப் படு. இன்னிக்குப் பெரியம்மாகிட்ட வேற சரக்கு கிடையாது. கேக்குறியா? அப்போ "ம்" சொல்லணும். நீ "ம்"மை நிறுத்தினா நான் கதையை நிறுத்திருவேன்.

"ம்."

அப்படி வா வழிக்கு.

அந்தக் குரல் கொம்பையான்னு ஒருத்தரோடது. அங்க ஒரு பெரிய மலை. மலைக்கு அந்தப் பக்கம் உப்பு கிடையாது, இந்தப் பக்கம் மிளகு கிடையாது. அதனால உப்பு வண்டி ஏறும், மிளகு வண்டி இறங்கும். கடக் கடக், கடக் கடக். உச்சிக்குப் பக்கத்துல ஒரு வளைவு. ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் போகலாம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். ரெண்டு வண்டி நேருக்கு நேரா வந்துட்டா திருப்பவும் முடியாது, பின்னாடி தள்ளவும் முடியாது. மாடு மிரண்டு தடதடதடன்னு... அவ்வளவுதான், பாதாளம்.

அதனால வளைவுக்கு மேல ஒரு பாறையில கொம்பையா நிப்பாரு. அவருக்கு ரெண்டு பக்கமும் தெரியும். "இறங்கு வண்டி நில்லூஊ...! ஏறு வண்டி வாஆஆ...!" அந்தக் குரலை நம்பித்தான் அத்தனை வண்டியும் போகும், வரும்.

"மேளம் அடிச்சா என்ன பெரியம்மா?"

அடிச்சா மாடு குதிச்சிரும். மாட்டுக்கு மனுஷக் குரல்தான் பழக்கம். குறுக்கே பேசாதே, "ம்" மட்டும் சொல்லு.

"ம்."

மழைக்காலம் வந்துட்டா மலையில மேகம் இறங்கிரும். அந்த நாலு மாசமும் கொம்பையா கீழ வரக்கூடாது. மேலேயே ஒரு குடிசை, ஒரு பானை, ஒரு கம்பளி. அவரு மட்டும். வண்டிக்காரங்க வருவாங்க, போவாங்க, ஆனா வளைவுல யாரும் நிக்க முடியாதே. கையை ஆட்டிட்டுப் போயிருவாங்க. அதனால அவரு நாள் பூரா கத்துவாரு, பேச மட்டும் ஆள் கிடையாது. கத்துறது வேற, பேசுறது வேற நாச்சியா. சந்தையில காலையில இருந்து கத்தி வித்துட்டு வர்ற உன் பெரியம்மாவைக் கேளு, சொல்லுவா.

மலை அடிவாரத்துல அவரு பொண்டாட்டி ஆவுடை. வண்டிக்காரங்களுக்கு இட்லி அவிச்சுப் போடுறவ. வயித்துல எட்டு மாசம். மலை ஏற முடியாது. அவளும் தனிதான்.

அப்புறம் என்னன்னா, சாயங்காலம் கடைசி வண்டி போனதும் கொம்பையா மலை மேல இருந்து ஒரு சத்தம் கொடுப்பாரு. "ஆவுடேஏஏ...!" காத்து மேல இருந்து கீழ வீசும், அந்தச் சத்தத்தை அப்படியே தூக்கிட்டு வந்து அவ வாசல்ல வச்சிரும். அவளும் வாசல்ல நின்னு, "இருக்கேஏஏன்...!"னு கத்துவா. ஆனா அது மேல போகாது. அந்த மலையில காத்து ஒரு பக்கம்தான் வீசும், கீழ் நோக்கி. அவ கேட்டாளா இல்லையான்னு அவருக்குத் தெரியாது. தெரியாமலே தினமும் கூப்பிட்டாரு.

"பாவம்."

"ம்"னு சொல்லுன்னா பாவம்கிற. சரி, இருக்கட்டும்.

ஒரு நாள் குரல் உடைஞ்சு வந்துச்சு. "ஆவ்... க்ர்ர்... டே." மறுநாள் துருப்பிடிச்ச கீல் மாதிரி ஒரு கிரீச். அதுக்கு மறுநாள் ஒண்ணுமே வரலை.

அப்போ சங்கிலின்னு ஒரு உப்பு வண்டிக்காரன் மலை இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்துச்சு.

"மதினி, அண்ணனுக்குத் தொண்டை போச்சு. பனிக்காத்தைக் குடிச்சுக் குடிச்சுக் காஞ்சு கிடக்கு. இன்னிக்கு வளைவுல என் மாட்டு மூக்கும் எதிர் வண்டி மாட்டு மூக்கும் முத்தம் கொடுத்துக்கிச்சு. இன்னும் ஒரு முழம் வந்திருந்தா நான் உன்கிட்ட இட்லி கேட்க மாட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னத்தைச் சொல்ல? வாயைத் தொறந்தாரு. காத்துதான் வந்துச்சு."

ஆவுடைக்குப் புரிஞ்சிருச்சு. குரல் திரும்பலைன்னா ஒரு நாள் இல்ல ஒரு நாள் வண்டி உருளும், மனுஷன் சாவான். உடனே சுக்கைத் தட்டி, வெல்லத்தைப் போட்டு, உருண்டை பிடிச்சா.

"சங்கிலி, இதை அவருகிட்ட கொண்டு போய்க் கொடு. நாலு இட்லி தர்றேன்."

"ஆறு."

"மூணு."

"ஏ மதினி! நாலுன்னுதானே சொன்னே?"

"நீ ஆறுன்னு கேட்டதும் ஒண்ணு ஆவியாப் போச்சு. எடுத்துட்டுக் கிளம்பு."

போனான், வந்தான். "மென்னாரு, முழுங்கினாரு, தீர்ந்துச்சு. நான் அடுத்த திருப்பம் போறதுக்குள்ள திரும்பவும் கரகர."

அப்புறம் நெய் விட்டு அல்வா கிண்டிக் கொடுத்தா. அது வழவழன்னு நேரா வயித்துக்குப் போயிருச்சாம். தொண்டையில நின்னு ஒரு வணக்கம் கூட வைக்கலையாம்.

அப்புறம் குடுவையில தேன். கடக் கடக்னு வண்டி குலுங்கினதுல பாதி வைக்கோலுக்கு. மீதி எறும்புக்கு.

"ம்..."

தூக்கம் வருதா? இன்னும் மிட்டாயே வரலை, அதுக்குள்ள தூங்கினா எப்படி?

அந்தக் காலத்துல வாயில நிக்கிற இனிப்பே கிடையாது நாச்சியா. எல்லாம் மெதுமெதுன்னு, போட்டா கரைஞ்சிரும். பாகுன்னா கம்பிப் பதம், தாண்டினா உருட்டுப் பதம். அதையும் தாண்டிட்டா பாகு செத்துப் போச்சுன்னு குப்பையில கொட்டிருவாங்க. ஆவுடையோட அம்மா அப்படித்தான் பண்ணினா, அவ பாட்டியும் அப்படித்தான் பண்ணினா.

ஒரு சாயங்காலம் ஆவுடை சீனியையும் சுக்குத் தண்ணியையும் அடுப்புல ஏத்தினா. கொதகொதன்னு கொதிக்குது. அப்போ அவரு கூப்பிடுற நேரம். வராதுன்னு தெரியும், இருந்தாலும் காது சும்மா இருக்குமா? இடுப்புல கையை வச்சுக்கிட்டு வாசலுக்குப் போய் நின்னா. நின்னா. காக்கா எல்லாம் அடைஞ்சிருச்சு. இன்னும் கொஞ்சம் பார்ப்போம்னு நின்னா. மலை கம்முனு இருந்துச்சு.

அப்போ மூக்குல ஒரு வாசனை. ஐயோ பாகு! ஓடி வந்து பார்த்தா எல்லாப் பதமும் தாண்டி, தேன் கலருக்குப் போயிருச்சு.

வந்துச்சே ஒரு கோவம்! மலையைத் திட்டினா, மேகத்தைத் திட்டினா, அடுப்பைத் திட்டினா. திட்டிக்கிட்டே பாகைத் தூக்கி ஈர அம்மிக்கல்லு மேல கொட்டினா. சொர்ர்ர்ர்! பக்கத்துலயே உக்காந்து அழுதா. யாரு பார்க்கப் போறா?

அழுது முடிச்சு, கரண்டியால அதைத் தட்டினா. டிங்.

என்னடா இதுன்னு இன்னொரு தடவை தட்டினா. டிங்.

மீதிக் கோவத்துல ஓங்கி ஒரு போடு. சிலீஈஈர்! கண்ணாடி மாதிரி நொறுங்கிருச்சு. காசு கொடுத்து வாங்கின சீனியாச்சேன்னு ஒரு சில்லை எடுத்து வாயில போட்டா. கடிக்க வரலை. கன்னத்துல ஒதுக்கிக்கிட்டா. பாத்திரம் கழுவினா, அது இருந்துச்சு. அரிசி ஊற வச்சா, அது இருந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தா, அப்பவும் இருந்துச்சு, கொஞ்சமா இளைச்சுப் போய். தொண்டையில சுக்கு சொட்டுச் சொட்டா இறங்குது.

ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அந்த வீட்டுல அவ கூட யாரோ இருந்த மாதிரி இருந்துச்சாம்.

"ம்."

அப்புறம் சில்லையெல்லாம் பொறுக்கினா. மழை ஈரத்துக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. உடனே காஞ்ச வாழைச்சருகைக் கிழிச்சு, ஒண்ணொண்ணாச் சுத்தி, ரெண்டு பக்கமும் முறுக்கி, பத்து மிட்டாய் சங்கிலிகிட்ட கொடுத்து விட்டா. மறுநாள் அவன் வந்ததும் வராததுமா ஓடினா.

"தின்னாரா?"

"இல்ல மதினி."

"ஏன்? பல்லு வலியா?"

"வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்குறாரு. திரும்பச் சருகுல சுத்தி மடியில வச்சுக்கிறாரு. தின்னுங்கண்ணேன்னேன். கையை விரிச்சுக் காட்டுறாரு. தின்னா தீர்ந்திருமாம்."

ஆவுடைக்கு ஆத்திரம் வந்துச்சு பாரு!

"தீரட்டும்னு சொல்லு அந்த மனுஷன்கிட்ட! தீர்ந்தா செஞ்சு கொடுக்க நான் செத்தா போயிட்டேன்? மடியில வச்சுக் கும்பிடவா நான் அம்மியில போட்டு உடைச்சேன்?"

திரும்ப அடுப்பைப் பத்த வச்சா. ஒரு தப்பை ஒரு தடவை பண்றது சுலபம் நாச்சியா. அதே தப்பை அளவா ரெண்டாந்தடவை பண்றதுதான் பெரும்பாடு. முதல் பாகு கருகிருச்சு. ரெண்டாவது, பல்லுல ஜவ்வு மாதிரி ஒட்டிக்கிச்சு. மூணாவதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா, கண்ணை எடுக்காம நின்னா, ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டு, அதைத் தட்டுல போட்டா. டிங்! வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒரு பானை நிறையச் செஞ்சா.

"சங்கிலி, இதை அவரு முன்னாடி கொட்டு. அவரு ஒண்ணை வாயில போட்டுக் கரைச்சு முடிக்கிற வரைக்கும் நீ வண்டியை எடுக்கக் கூடாது."

"வளைவுல எப்படி மதினி வண்டியை நிறுத்துறது?"

"நிறுத்துன்னா நிறுத்து! எட்டு இட்லி."

எட்டுன்னதும் பயந்துட்டான். மதினி இவ்வளவு கொடுக்கிறான்னா விஷயம் பெருசுன்னு புரிஞ்சிருச்சு.

போனான். வளைவுல வண்டியை நிறுத்தினான். பானையைக் கொட்டினான், கலகலகலன்னு. "தின்னுங்கண்ணே. தின்னாத்தான் போவேன்"னு கையைக் கட்டிக்கிட்டுப் பாறையில உக்காந்துட்டான். கொம்பையா போ போன்னு கையை ஆட்டினாரு. இவன் அசையலை. அந்தக் குவியலைப் பார்த்தாரு. இவ்வளவு இருக்கான்னு பார்த்தாரு. அப்புறம் மடியில கிடந்த பழைய மிட்டாய்லயே ஒண்ணை எடுத்து வாயில போட்டாரு.

கண்ணை மூடிக்கிட்டாரு. அது கரையுது. மெதுவா, மெதுவாக் கரையுது.

அப்போ மேகத்துக்குள்ள ஒரு சத்தம். கடக் கடக் கடக் கடக்.

மிளகு வண்டி! மேல இருந்து இறங்குது. வளைவுல சங்கிலி வண்டி குறுக்க நிக்குது. சங்கிலி அலறினான், "அண்ணேஏ!" கொம்பையா எழுந்திரிச்சாரு. வாயைத் தொறந்தாரு. "க்ர்ர்..." ஒண்ணும் வரலை. கடக் கடக் கடக் கடக்! வாயில ஊறின சுக்குத் தண்ணியை ஒரு முழுங்கு முழுங்கினாரு. கடகடகடகட!

"நில்லூஊஊஊ...!"

மலையே அதிர்ந்துச்சாம். மிளகு வண்டி மாடு ரெண்டும் காலை ஊணி, சர்ருன்னு சறுக்கி, ஒரு சாண் தள்ளி நின்னுச்சு.

"ம்! அப்புறம்?"

தூக்கம் போச்சா? நல்லது. அப்புறம் என்ன, சாயங்காலம் காத்து ஒரு சத்தத்தைத் தூக்கிட்டு வந்துச்சு. "ஆவுதேஏஏ...!" ஆவுடே இல்ல, ஆவுதே. கன்னத்துல மிட்டாய் இருக்குல்ல. ஆவுடை வாசல்ல நின்னு சிரிச்சா. "இருக்கேஏஏன்"னு கத்தினா. அது மேல போகலை, என்னிக்கும் போல.

அப்புறம் வண்டிக்காரங்க சும்மா இருப்பாங்களா? ஆளுக்கு ஒரு கை அள்ளிட்டுப் போனாங்க. ஒரு ஊர்ல ஆரஞ்சுச் சுளை மாதிரி அச்சுல ஊத்தினாங்க. ஒரு ஊர்ல சூடம் மாதிரி வெள்ளையா, ஊதினா வாயெல்லாம் ஜில்லுன்னு. ஒரு ஊர்ல பல்லை உடைக்கிற மாதிரி கல்கோனா. ஆனா எல்லாம் அந்தச் செத்த பாகுதான். கண்ணாடி ஜாடியில போட்டு வச்சிருக்கான் பாரு கடைக்காரன், தனியா ரயில்ல போறவங்க, தனியாக் காவல் இருக்கிறவங்க, தனியா வண்டி ஓட்டுறவங்க வாங்கிக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டுப் போறாங்க. கறுக்குன்னு கடிச்சு முழுங்குறவனுக்கு மிட்டாயைப் பத்தி என்ன தெரியும்?

"பாப்பா பொறந்துச்சா?"

பொறந்துச்சு. கொட்டுற மழையில பொறந்துச்சு. குவாஆ குவாஆன்னு அழுதுச்சு. அந்தச் சத்தமும் மேல போகலை. ஆவுடை என்ன பண்ணினா? படுக்கையில இருந்தே, பிரசவம் பார்த்த கிழவிகிட்ட மிளகு அளவுல ஒரே ஒரு குட்டி மிட்டாய் உருட்டச் சொல்லி, குட்டிச் சருகுல சுத்தி, பெரிய மிட்டாய்க்கு நடுவுல வச்சு அனுப்பினா.

அவரு பிரிச்சுப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாராம். புரிஞ்சுக்கிட்டு, அதை மட்டும் திரும்பச் சருகுல சுத்தி மடியில வச்சுக்கிட்டாராம்.

அன்னிக்குச் சாயங்காலம் சத்தம் வந்துச்சு. "ஆவுடேஏஏ...!" அப்புறம் நின்னுருச்சு. ஆவுடை உள்ளே போகலாம்னு திரும்பினா. அப்போ இன்னொண்ணு வந்துச்சு, கொஞ்சம் மெதுவா, பேரு தெரியாத ஆளைக் கூப்பிடுற மாதிரி.

"பாப்பாஆஆ...!"

"ம்... அவரு எப்போ கீழ வருவாரு பெரியம்மா?"

மழை விடணும். மழைக்காலம்னா நாலு மாசமாச்சே.

"வேண்டாம். நாளைக்கு வரட்டும்."

நாளைக்கா? வளைவுல யாரு நிப்பா, உங்க மாமாவா? சரி, மூணு மாசம்.

"ஒண்ணு."

ரெண்டு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படியாகாது.

"... ம்."

சரி, ரெண்டு. பேசினா பேசினதுதான். கதை இறங்கிருச்சு, அவரு இறங்க ரெண்டு மாசம் கிடக்கு. நீ தூங்கு.